நாய்க்காக ஓடுகிறாள் என்று சொன்னேன்

எங்கள் வீட்டில் நாய் என்றால் பண்ணைக் காவலுக்கு இருக்கும் நாய்தான். கோழிக் கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடுவில் சங்கிலியில் கிடக்கும். புது ஆள் வந்தால் குரைக்கும். வீட்டுக்குள் நாயை விட்ட வழக்கம் எங்களுக்குக் கிடையாது. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் இறங்கி, ஏரிக்கரையோடு உள்ளே வந்தால் எங்கள் தோட்டம். முப்பது வருடத்துக்கு மேலாக முட்டைக் கோழி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் போன பிறகும் ஒரு கொட்டகையைக்கூட நான் காலியாக விட்டதில்லை. மூன்றாவது வரைக்கும் படித்தவள் பண்ணை நடத்துவாளா என்று கேட்டவர்கள் எல்லாம் இன்று என் கொட்டகையைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் தங்கள் கொட்டகைக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிறார்கள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு சப்பை மூக்கு நாய் வந்தது.

மகன் கொண்டுவந்தான். அவன் போர் போடும் ரிக் வண்டியில் இருக்கிறான். வருடத்தில் முக்கால்வாசி நாள் வடக்கே எங்கேயாவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பான். பேரன் ராசிபுரம் பக்கம் விடுதிப் பள்ளியில் படிக்கிறான். வீட்டில் நானும் மருமகளும்தான். பொங்கலுக்கு வந்தவன், பெண்டாட்டிக்குத் துணையாக இருக்கட்டும் என்று சேலத்தில் யாரிடமோ வாங்கி, முட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். திறந்து பார்த்தேன். மூஞ்சி முழுக்கக் கறுப்பு. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு மடிப்பாகத் தோல்.

"இதென்னடா சாமி, செவுத்துல மோதுன மாதிரி இருக்குது?"

"பக்குங்கம்மா. இந்த ஜாதியே இப்படித்தானுங்க."

"திருடன் வந்தா இது என்ன பண்ணும்?"

"இது மூஞ்சியப் பாத்து அவனே சிரிச்சுட்டுப் போயிருவானுங்க."

மருமகள் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கு முந்தின மாதம்தான் அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். முப்பத்து நான்கு வயது. அவளுடைய அம்மா அதே சர்க்கரையில் ஒரு காலை இழந்தவர். கடைசி மூன்று வருடம் அவரைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, எல்லாம் பார்த்தவள் இவள். டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். இவளுக்குக் காதில் விழுந்தது வேறு மாதிரி. வீட்டுக்கு வந்து இரண்டு காலையும் நீட்டி வைத்து, அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை போடாத காபி. அதைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

நடக்கச் சொல்லியிருந்தார்கள். ஏரிக்கரை மேல் நடக்க ஆரம்பித்தாள். சீக்கிரமே நடை ஓட்டமாகிவிட்டது. காலை ஐந்தரை மணிக்கு, மகனுடைய பழைய சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு கிளம்புவாள். ஏரி மதகு வரைக்கும் ஓடித் திரும்புவாள். வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், முகம் சிவந்திருக்கும், கண் மட்டும் தெளிவாக இருக்கும். "ஓடும்போது மட்டும் பயம் வரதில்லீங்கத்தை" என்றாள் ஒருநாள். அடுத்த தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரையும் இறங்கியிருந்தது.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஊர் ஒன்று இருக்கிறதே. தினமும் காலையில் நான் பால் சொசைட்டிக்கு இரண்டு மாட்டுப் பாலைக் கொண்டுபோகிறேன். ஊரில் யார் வீட்டில் என்ன என்பதெல்லாம் பாலோடு சேர்த்து அங்கேதான் அளப்பார்கள். மேட்டுத் தோட்டத்துக்காரி ஒருத்தி இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் வாய்க்கு மட்டும் வயதே கிடையாது.

"ஏனுங்கக்கா, உங்க மருமவ தெனமும் ஓடறாளே, எதையாச்சும் தொலைச்சுட்டாளா, இல்ல யாராச்சும் தொரத்தறாங்களா?"

கேன் வைத்துக்கொண்டு நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் சர்க்கரை என்று சொல்ல வேண்டும். இந்த வயதிலேயே மருமகளுக்கு வியாதி என்று ஆகிவிடும். எங்கள் வீட்டைப் பற்றி ஒருவர் "பாவம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கேட்கவும் எனக்கு இஷ்டமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவ எங்க ஓடறா? நாய் ஓடுது. அந்த ஜாதி நாயத் தெனமும் ஓட உடோணுமாம். இல்லாட்டி ரத்தம் கெட்டுப் போயிருமாம். டாக்டர் கண்டிசனாச் சொல்லியிருக்கறாங்க. இவ அதும் பொறத்தால ஓடறா."

"நாயோட போறாப்புலத் தெரியலீங்களே அக்கா?"

"இருட்டுல உனக்கெங்க தெரியப் போவுது? கறுமூஞ்சி நாய்."

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொன்னது நிற்க வேண்டுமே. அன்று சாயங்காலமே மருமகளிடம், "நாளையிலிருந்து இதையும் கூட்டீட்டுப் போ அம்மிணி" என்றேன்.

"இதையா? இது கெணறு வரைக்கும் வந்தாவே உக்காந்துக்குதுங்களே அத்தை."

"பழகுனா வரும். ஒத்தையில ஓடறதுக்கு ஒரு தொணையாச்சு."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சொசைட்டியில் நான் சொன்னது நாலு நாளில் சுற்றிக்கொண்டு அவள் காதுக்கும் வந்திருக்கும். அப்போதும் கேட்கவில்லை.

நாய் பழகிவிட்டது. அதன் குணம் அப்படி. அவள் போனால் போகும். அவள் ஓடினால், அந்தக் குட்டைக் காலை வைத்துக்கொண்டு அதுவும் ஓடும். முடியவில்லை என்றால் நின்றுவிட அதற்குத் தெரியாது. திரும்பி வந்து முற்றத்தில் நாலு காலையும் பரப்பிப் படுத்து, மூஞ்சியே இரண்டாகப் பிளந்த மாதிரி வாயைத் திறந்து இளைக்கும். குறட்டையா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் வரும். நான் அதைப் பார்த்துவிட்டு, ஓடி ஓடி இளைக்கிறது, தெம்பு போதவில்லை என்று முடிவு கட்டினேன். முட்டைப் பண்ணையில் உடைந்த முட்டைக்கு என்ன குறை? காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று அவித்துப் போட்டேன். பங்குனி வரும்போது அது உருளைக் கட்டை மாதிரி ஆகிவிட்டது. கழுத்துப் பட்டையில் இரண்டு துளை தள்ளிப் போட வேண்டி வந்தது. நல்ல தீனி என்று அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் கோழிக்காரி. கோழிக்கு வேர்க்காது என்று எனக்குத் தெரியும். சூடு ஏறினால் வாயைப் பிளந்து, இறக்கையைத் தூக்கி, மூச்சாலேதான் சூட்டை வெளியே விடும். அதனால் கோடையில் உச்சி நேரத்துக்குத் தீனி வைக்க மாட்டோம். கொட்டகைக்குள் ஆள் நுழைய மாட்டோம். நுழைந்தால் மிரண்டு படபடக்கும். அந்தப் படபடப்பிலேயே பத்து விழுந்துவிடும். பக்கவாட்டில் சாக்கு கட்டி, தண்ணீர் அடித்து நனைத்து வைப்போம். காற்று அதன் வழியாகக் குளிர்ந்து வரும். இத்தனையும் தெரிந்தவள் நான். வாயைப் பிளந்துகொண்டு என் காலடியில் கிடந்த நாயைப் பார்த்து இதில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. நாய் என்றால் ஓடும், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

சித்திரையில் ஒரு நாள். முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. விடிந்து பார்த்தால் வானம் முழுக்க மூட்டம். ஒரு இலை அசையவில்லை. முட்டை லாரி அன்று சீக்கிரம் வந்துவிட்டது. அட்டை எண்ணி ஏற்றி அனுப்பும்போது மணி எட்டாகிவிட்டது.

"இன்னைக்கு உட்ருலாமுங்கத்தை. நேரமாயிருச்சு" என்றாள் மருமகள்.

"வெய்யலெங்க இருக்குது? குளுகுளுன்னு கெடக்குது. ஒரு நாள் உட்டா ரெண்டு நாள் உடச் சொல்லும். போய்ட்டு வா சாமி."

"சரிங்க. நாய் கெடக்கட்டுமுங்க. நான் மட்டும் போய்ட்டு வாரேன்."

நாய் கட்டிலுக்கு அடியில் சிமெண்டுத் தரையோடு வயிற்றை ஒட்டிப் படுத்திருந்தது. கூப்பிட்டதற்குக் கண்ணை மட்டும் திருப்பியது. எட்டு மணி என்பது பால் ஊற்றிவிட்டுப் பெண்கள் ஏரிக்கரை வழியாகத் திரும்புகிற நேரம். நாயில்லாமல் அவள் மட்டும் ஓடுவதைப் பார்த்தால் என் பேச்சு என்னாகும்? நான் குனிந்து, பட்டையைப் பிடித்து, தரையோடு இழுத்து அதை வெளியே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுத உட்கார்ந்த பிறகு இதை விட்டுவிட்டு எழுத முடியாது.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஏரிக்கரையிலிருந்து ஓடி வந்தாள். நாய் அவள் இரண்டு கை மேலும் கிடந்தது. தலை தொங்கியது. நாக்கு உள்ளங்கை அகலத்துக்கு வெளியே விழுந்து கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. மூச்சு, ஈர மரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி. தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலிருந்தது.

"மதகுகிட்ட விழுந்துருச்சுங்கத்தை. எந்திரிக்கவே இல்லீங்க."

சூடு என்றதும் என் கைக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கொட்டகைப் பக்கத்திலிருந்து தீனிச் சாக்கை இழுத்து, தொட்டியில் முக்கி, நாயை அதில் வைத்துச் சுருட்டினேன். தலை மட்டும் வெளியே. குளிர் தப்பிவிடக் கூடாது என்று இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டேன். "இனி ஒண்ணுமில்ல, அடங்கீரும்" என்றேன். மருமகள் என்னை நம்பினாள். முப்பது வருடம் கோழியைக் காப்பாற்றியவள் சொன்னால் நம்பத்தானே செய்வாள்.

அடங்கவில்லை. ரம்பச் சத்தம் அதிகமாகிக்கொண்டே போனது. வாயில் நுரை கட்டியது. அவள் போனை எடுத்து, எங்கள் பண்ணைக்கு வருகிற கோழி டாக்டரைக் கூப்பிட்டாள். நாமக்கல்லில் இருக்கிற பெண். சின்ன வயதுதான், ஆனால் ஏழு ஊர்ப் பண்ணைக்காரர்களும் அவள் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். மருமகள் எனக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"இப்ப என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அத்தை ஈரச் சாக்கு சுத்தி வெச்சிருக்கறாங்க டாக்டர்."

"சாக்கை எடுங்க! மொதல்ல எடுங்க!"

"ஈரந்தானுங்களே..." என்றேன் நான்.

"உள்ள கைய உட்டுப் பாருங்கம்மா."

விட்டேன். சாக்கின் உட்பக்கம் வெந்நீரில் நனைத்தது போலச் சூடாக இருந்தது. நாயின் சூடு வெளியே போக வழியில்லாமல் அதற்குள்ளேயே கிடந்து வெந்துகொண்டிருந்தது.

"ஏனுங்கம்மா, கொட்டகையில சாக்கை எங்க கட்டுவீங்க? பக்கத்துல கட்டுவீங்களா, கோழி மேல சுத்துவீங்களா?"

நான் சாக்கை உருவிக்கொண்டிருந்தேன்.

"காத்து போகோணுமுங்க. கழுத்துப் பட்டைய கழட்டி எறியுங்க. சாதாத் தண்ணிய உடம்பு மேல ஊத்திக்கிட்டே இருங்க, பேனை வெச்சு அடிங்க. ஐஸ் வேண்டாம். வாயில தண்ணிய ஊத்தீராதீங்க, பொரையேறிரும். கொஞ்சம் ஊத்தீட்டு உடனே கெளம்பி வாங்க. வண்டியிலயும் ஊத்திக்கிட்டே வாங்க."

கொட்டகைக்கு வைக்கிற பெரிய மின்விசிறியை முற்றத்துக்கு இழுத்தோம். குழாயைத் திறந்து விட்டோம். பிறகு முட்டை கொண்டுபோகிற எங்கள் மினி வேனில் ஏறினோம். டிரைவர் அன்று வரவில்லை. மருமகளே ஓட்டினாள். பின்னால் கதவைத் திறந்து போட்டு, நாயை மடியில் வைத்துக்கொண்டு, குடத்துத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக அதன் வயிற்றிலும் தொடையிலும் ஊற்றிக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன். காற்று அடித்தது. என் சேலை முழுக்க நனைந்து எனக்கே குளிர் எடுத்தது. ஊர் தாண்டும்போது ரம்பச் சத்தம் கொஞ்சம் மாறியது போலிருந்தது. மாறினால் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அவள் முன்னாலிருந்து கத்தினாள்.

"அத்தை, இருக்குதுங்களா?"

"இருக்குது சாமி, நீ ரோட்டப் பாரு."

நாமக்கல் போய்ச் சேரும் வரைக்கும் இதையே கேட்டுக்கொண்டு வந்தாள். நானும் இதையே சொன்னேன்.

டாக்டர் ஊசி போட்டு, குழாயில் மருந்து ஏற்றி, மூக்கருகே ஆக்சிஜன் வைத்தாள். நாக்கு கத்திரிக்காய் நிறத்திலிருந்து மெல்ல மெல்லச் சிவப்புக்கு வந்தது. கையைக் கழுவிக்கொண்டு எங்களிடம் திரும்பினாள்.

"இந்த மாதிரி நாய யாருங்க இப்படி ஓடச் சொன்னது?"

என் மருமகள் என்னைப் பார்க்கவில்லை. "நான்தானுங்க டாக்டர் கூட்டீட்டுப் போனேன்" என்றாள்.

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மூக்கு நீளமா இருந்தா அதுக்குள்ள இருக்கற ஈரத்துலயே உடம்புச் சூடு ஆறிப் போவும். இதுக்கு அந்த வழியே இல்லீங்க. மூஞ்சி சின்னதாயிருச்சு, உள்ள இருக்கற சதை சின்னதாகல. பாதி அடைச்ச குழாய்லதான் மூச்சு உடுது. வேர்வையும் கெடையாது. இதுல நீங்க முட்டையாப் போட்டுக் கொழுக்க வெச்சிருக்கீங்க. வெய்ய நாளுகூடப் பரவால்லீங்க. மூட்டம் போட்டுக் காத்தில்லாத நாள் இருக்குதே, அதுதான் எமன். காத்தே ஈரமாக் கெடக்கும், மூச்சு உட்டாலும் சூடு எறங்காது."

மூட்டம். குளுகுளு என்று சொன்னவள் நான்.

இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் போனபோது எழுந்து நின்றது. என்னைப் பார்த்து அந்தச் சுருட்டை வாலை ஆட்டியது. எனக்கு என்னவோ போலிருந்தது. கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து விட்டவளைப் பார்த்தும் வாலாட்டுகிற ஜீவன். கொஞ்சம் கோபமாகவாவது இருக்கக் கூடாதா?

நாய் பிழைத்துவிட்டது. ஆனால் அன்றோடு மருமகள் ஓடுவதை நிறுத்திவிட்டாள். முதலில் நாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். பிறகு மழை என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஷூ கதவோரம் தூசி படிந்து கிடந்தது. சாயங்காலம் உட்காரும்போது பழையபடி காலை நீட்டிப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஆனி மாதம் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். தாளை என்னிடம் காட்டவில்லை. அலமாரியில் துணிக்கு அடியில் வைத்ததைப் பார்த்தேன். எனக்கு அந்தத் தாளில் உள்ள இங்கிலீஷைப் படிக்கத் தெரியாது. வைத்த விதத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஏன் சாமி, நாய்தான் எந்திரிச்சு நடக்குதே. நீ ஓடறதுக்கென்ன?" என்று கேட்டேன்.

"நாயில்லாம எப்படிங்கத்தை ஓடறது?"

குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. நான் எழுந்து கொட்டகைப் பக்கம் போய்விட்டேன். போய் வேலை எதுவும் செய்யவில்லை. கோழிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். நாய்க்காக ஓடுகிறாள் என்று நான் ஊரில் சொல்லி வைத்தேன். நாய் ஓடக் கூடாது என்றால் அவளுக்கு ஓட என்ன காரணம் இருக்கிறது? காரணத்தை நான்தான் அவள் கையிலிருந்து பிடுங்கி நாயின் கழுத்தில் கட்டியிருந்தேன்.

திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். "சொசைட்டியில உனக்குச் சர்க்கரைன்னு சொல்லீரட்டுமா?" என்று கேட்டேன்.

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் மறைக்கச் சொல்லவே இல்லீங்களே அத்தை. நீங்களாத்தானுங்க..."

"ஆமா, நானாத்தான்" என்றேன். நான் யாரிடமும் இப்படி ஒத்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. வீட்டுக்காரரிடம்கூட.

மறுநாள் காலை சொசைட்டிக்குக் கொஞ்சம் முன்னாலேயே போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். மேட்டுத் தோட்டத்துக்காரியே வழி செய்து கொடுத்தாள்.

"நாய்க்குத் தேவலைங்களா அக்கா? ஓடாமக் கெடந்தா ரத்தம் கெட்டுப் போயிருமுன்னு டாக்டர் சொன்னாங்கன்னீங்களே?"

"எந்த டாக்டரும் சொல்லல. நாஞ் சொன்ன பொய்யி" என்றேன். "அந்த ஜாதி நாய் ஓடவே கூடாது. என்ற பொய்யக் காப்பாத்த அத ஓட வெச்சுக் கொல்லப் பாத்தேன். மருமவளுக்குச் சர்க்கரை. அதுக்குத்தான் ஓடறா. நாளையிலிருந்து மறுபடியும் ஓடுவா. யாரு என்ன கேக்கோணுமோ இப்பவே கேட்டுக்கங்க."

பால் அளக்கிறவர் அளக்காமல் நின்றார். மேட்டுத் தோட்டத்துக்காரி கேனைக் கீழே வைத்தாள்.

"இது எங்களுக்குத் தெரியுமுங்களே அக்கா."

"என்ன தெரியும்?"

"அவ மாத்திரை வாங்கறது என்ற தம்பி கடையிலீங்க. மார்கழியிலிருந்து தெரியும். நீங்க நாயக் கொண்டாந்து நடுவுல உட்டதும், பெரியவங்க ஏதோ சொல்றாங்க, கேட்டுக்குவோமுன்னு இருந்துட்டோம்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் தெனமும் நாயப் பத்திக் கேட்டியா?"

"நீங்க சொல்றது நல்லா இருந்துச்சுங்க" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மார்கழியில் தெரிந்த விஷயம். நாய் வந்ததே தையில்தான். ஒருவருக்கும் தேவைப்படாத பொய்க்காகத்தான் அந்த ஜீவன் மூன்று மாதம் ஓடியிருக்கிறது. நான் பாலை ஊற்றிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மருமகளிடம், "சொல்லிட்டேன். ஷூவ எடுத்துத் தொடை" என்று மட்டும் சொன்னேன். அவர்களுக்கு முன்பே தெரியும் என்பதைச் சொல்ல எனக்கு மேலும் ஒரு வாரம் ஆனது. சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும்.

நாய்க்கு இப்போது கழுத்தில் ஒன்றும் இல்லை. மார்பைச் சுற்றிப் போடுகிற பட்டை வாங்கியிருக்கிறோம். இழுத்தாலும் தொண்டையை நெரிக்காது. உடைந்த முட்டை நின்றுவிட்டது. முதல் ஒரு வாரம் அது என் முகத்தைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை; தாங்கிக்கொண்டேன். மூன்று மாதத்தில் இடுப்பு என்று ஒன்று தெரிய ஆரம்பித்தது. அதற்கு ஓட ஆசை போகவில்லை. டாக்டரிடம் கேட்டோம். விடியலில், காற்று இருக்கிற நாளில், கொஞ்ச தூரம் மெதுவாக ஓடலாம். மிச்சமெல்லாம் நடைதான் என்றாள்.

எந்த நாள் ஆகும், எந்த நாள் ஆகாது என்று பார்ப்பது என் வேலை. மருமகள் போனில் பார்த்துச் சொல்வாள். நான் கொட்டகைக்குள் போய் நிற்பேன். கோழிகள் வாயை மூடிக்கொண்டு சீராகக் கேறிக்கொண்டிருந்தால் நாய் கிளம்பலாம். நாலு கோழி வாயைத் திறந்திருந்தாலும் நாய்க்கு ஓட்டம் கிடையாது. டாக்டரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "இது எங்க படிப்புல இல்லீங்கம்மா, ஆனா சரிதானுங்க" என்றாள்.

ஆகிற நாளில் பம்பு ரூமிலிருந்து புளியமரம் வரைக்கும் அவளோடு அது ஓடும். அங்கே நான் நிற்பேன். கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, நக்கி நக்கிக் குடிக்க விட்டு, குனிந்து மூச்சைக் கேட்பேன். கரகரப்பு ஏறியிருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நாக்கின் நுனி அகலமாகி வளைகிற வரைக்கும் விட்டுவிட்டால் அது நம்முடைய தப்பு. அவள் மேற்கொண்டு மதகு வரைக்கும் ஓடுவாள். நானும் நாயும் பின்னால் நடந்து போவோம். எனக்கும் முழங்கால் வலிக்கு அது நல்லதாகத்தான் இருக்கிறது.

போன வாரம் ஒரு நாள் புழுக்கம். கோழிகள் வாயைத் திறந்திருந்தன. நாயை ஓட விடவில்லை. மெதுவாக நடத்திக் கூட்டிப் போய் மதகுச் சுவரில் உட்கார்ந்தேன். மருமகள் கரை மேல் ஓடிக்கொண்டிருந்தாள். வெளியூர் ஆள் ஒருவர் பைக்கை நிறுத்தினார்.

"ஏனுங்கம்மா, அந்தப் பொண்ணு தனியா ஓடுதே, ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

"என்ற மருமவ. ஓடறா."

"எதுக்குங்க?"

"ஓடறதுக்குத்தானுங்க."

அவர் ஒரு தடவை அவளைப் பார்த்தார், ஒரு தடவை நாயைப் பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவள் மதகைத் தொட்டுத் திரும்பும்போது நிற்கவில்லை. "இன்னொரு சுத்துங்கத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாய் எழுந்து பட்டையை இழுத்தது. நான் விடவில்லை. கொஞ்ச நேரம் முனகிவிட்டு, என் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.